சீட்டு கொடுத்து அனுப்பாதீங்க, கூடவே போங்க: புலம்பெயர்ந்து வந்தவங்களுக்கு மருத்துவத்தையும் சமூக உதவியையும் இணைக்கிற வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு

நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் ஒரு அம்மாவைப் பாத்துக்கற பொறுப்பு வந்துச்சு. அறுபது வயசு தாண்டினவங்க, சுகர், இன்சுலின் போட்டுக்கறாங்க. மூணு தடவை டாக்டர்கிட்ட போனாங்க, மூணு தடவையும் சுகர் ஏறித்தான் இருந்துச்சு, மூணு தடவையும் அவர் டோஸைக் கூட்டினார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் கையில இருந்தது ரத்தப் பரிசோதனை ரிசல்ட் மட்டும்தான். நான் அவங்க இருக்கற இடத்துக்குப் போனப்பதான் விஷயமே தெரிஞ்சுது. ஏழெட்டு பேர் பங்கு போட்டுக்கற வீடு, ஃபிரிட்ஜ் இருக்கற சமையலறையை வீட்டுக்காரர் பாதி நேரம் பூட்டி வெச்சிடுவாராம், அதனால மூணு மாசத்துக்குக் கொடுத்த இன்சுலின் மொத்தமும் ஒரு பையில ஹீட்டர் பக்கத்துல கிடந்துச்சு. திறக்காத இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும், சூட்டுல கிடந்தா வீரியம் போயிடும். அப்போ அவங்களுக்கு வேண்டியது கூடுதல் டோஸ் இல்ல, பூட்டில்லாத ஒரு ஃபிரிட்ஜ். அது மருத்துவமனை கொடுக்கற பொருள் இல்ல, வீட்டுவசதி ஆஃபீஸ்ல இருக்கறவங்களுக்கோ இவங்க சுகர் எவ்வளவுன்னு தெரியாது. ரெண்டு பக்கமும் அவங்கவங்க வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க, நடுவுல இருந்த அந்த அம்மாதான் நாளுக்கு நாள் மெலிஞ்சுக்கிட்டே போனாங்க.

இந்தக் கதைக்கு ஒரு ரெண்டாவது பாதி இருக்கு, அதைக் கீழ சொல்றேன், அதுதான் இன்னும் முக்கியம்.

நீங்க ஒரு சங்கத்துல தன்னார்வலரா இருக்கலாம், ஒரு கிளினிக்ல சமூகப் பணியாளரா புதுசா சேர்ந்திருக்கலாம், இல்ல நாலு வருஷம் முன்னாடி வந்து எல்லாத்தையும் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டு இப்போ புதுசா வர்றவங்களுக்குக் கை கொடுக்கலாம்னு நினைக்கலாம். எந்த நாட்டுல இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான். 1948ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட அமைப்புச் சட்டமே ஆரோக்கியம்னா நோய் இல்லாம இருக்கறது மட்டும் இல்ல, உடம்பு, மனசு, சமூக வாழ்க்கை மூணும் நல்லா இருக்கறதுன்னுதான் சொல்லுது. ஆனா ஆஃபீஸ்கள் அப்படிச் சேர்ந்து இல்லையே, உடம்புக்கு ஒரு கட்டடம், வீட்டுக்கு ஒரு கட்டடம், விசாவுக்கு ஒரு கட்டடம்னு இருக்கு. அந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு இந்தக் கட்டடங்களுக்கு நடுவுல வழி தெரியும். புதுசா வந்தவங்களுக்கு நீங்கதான் அந்த வழி.

முதல் படி: நீங்களே போய்ப் பாருங்க

ஒரு லிஸ்ட் வேணும், சரி. ஆனா இன்டர்நெட்ல இருந்து எடுத்து ஒட்டின லிஸ்ட் யாருக்கும் உதவாது. நான் புதுசா வர்றவங்ககிட்ட சொல்றது, முதல் ரெண்டு வாரம் எந்தக் குடும்பத்தையும் எடுத்துக்காதீங்க, லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு நம்பருக்கும் உதவி தேவைப்படற ஆள் கூப்பிடற மாதிரியே கூப்பிட்டுப் பாருங்க. எவ்வளவு நேரம் பாட்டு ஓடுது, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு எத்தனை தடவை சொல்லுது, தமிழ் வேணும்னா என்ன சொல்றாங்கன்னு எழுதி வையுங்க. அப்புறம் நேர்ல போங்க. வாசல்ல செக்யூரிட்டி நிக்கறாரா, ஐடி கேக்கறாரா, பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும், தள்ளுவண்டியோட குழந்தையைக் கூட்டிட்டுப் போக முடியுமா. இந்த விவரம் எந்த வெப்சைட்லயும் கிடைக்காது, ஆனா ஒரு ஆள் அந்தக் கதவைத் தாண்டுவாரா இல்ல வாசலோட திரும்பிடுவாரான்னு முடிவு பண்றது இதுதான்.

சில நாடுகள்ல பாதி வேலையை ஏற்கெனவே செஞ்சு வெச்சிருக்காங்க. அமெரிக்காவிலயும் கனடாவிலயும் 211னு கூப்பிட்டா வாடகை உதவி, சாப்பாடு, குழந்தைப் பராமரிப்புன்னு எல்லாத்துக்கும் எங்க போகணும்னு சொல்லுவாங்க. ஆஸ்திரேலியாவுல 131 450ங்கற நம்பர்ல 24 மணி நேரமும் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாங்க, தமிழும் உண்டு. இங்கிலாந்துல ஜிபிங்கற குடும்ப டாக்டர்கிட்ட பதிவு பண்ண முகவரிச் சான்றும் வேண்டாம், விசா பேப்பரும் வேண்டாம், ஆனா ரிசப்ஷன்ல இருக்கற சிலருக்கே அது தெரியாம திருப்பி அனுப்பிடறாங்க. அதனால விதி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் போதாது, அதை மரியாதையா, விடாம கவுன்டர்ல எடுத்துச் சொல்லவும் பழகிக்கணும்.

லிஸ்ட்ல ஒவ்வொரு இடத்துக்கும் நேரா ஒரு ஆளோட பேரு இருக்கணும். ஆஃபீஸ் பேரு மட்டும் இருந்தா அந்த வரி காலியா இருக்குன்னே வெச்சுக்கங்க.

ரெண்டாவது படி: ஃபாரத்தை மூடி வெச்சுட்டுப் பேசுங்க

முதல் சந்திப்புலயே பேனாவை எடுத்து பேரு, பிறந்த தேதி, விசா நிலைன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கறவங்களுக்கு அது விசாரணை மாதிரிதான் இருக்கும், அதுலயும் அகதியா வந்தவங்ககிட்ட இதே கேள்விகளை எந்த மாதிரி அறைகள்ல யார் யாரெல்லாம் கேட்டிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. டீயோ தண்ணியோ குடிச்சுக்கிட்டு பேச்சுவாக்குல கேளுங்க. நேத்து ராத்திரி எங்க தூங்கினீங்க? மாத்திரையை எங்க வெச்சிருக்கீங்க, கொஞ்சம் காட்ட முடியுமா? லெட்டர் வந்தா யார் படிச்சுச் சொல்றாங்க? ஃபோன் உங்களோடதா, இல்ல வீட்ல எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணா? வேலை பகலா ராத்திரியா, லீவு கேட்டா கொடுப்பாங்களா, லீவு போட்டா அன்னைக்குக் கூலி போயிடுமா? மாசக் கடைசியில சாப்பாட்டுக்கு இழுபறியா இருக்குமா?

இந்த ஆறேழு கேள்வியில எனக்கு ரொம்பப் பிடிச்சது லெட்டர் பத்தினதுதான். ஏன்னா பெரும்பாலான அப்பாயின்ட்மென்ட் தவறிப் போறது அக்கறை இல்லாததால இல்ல, லெட்டர் புரியாத மொழியில வந்து மேஜை டிராயர்லயே கிடக்கறதால. ரெண்டு தடவை வரலைன்னா பல இடங்கள்ல ஃபைலை மூடிடுவாங்க. அவங்க கணக்குல அந்த ஆள் 'வர விருப்பமில்லாதவர்', ஆனா அந்த ஆளுக்கு அப்படி ஒரு லெட்டர் வந்ததே தெரியாது.

கேக்கும்போது ஒரு கட்டுப்பாடு வையுங்க. உங்களால ஏதாவது செய்ய முடியும்னா மட்டும் ஒரு விஷயத்தைத் தோண்டிக் கேளுங்க. வீட்ல அடிக்கறாரான்னு கேட்டா, ஆமான்னு பதில் வந்த அடுத்த நிமிஷம் எங்க கூட்டிட்டுப் போகணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் அதைத் தனியா இருக்கறப்போ மட்டும் கேக்கணும், கணவரோ மாமியாரோ பக்கத்துல இருக்கறப்போ வாயே திறக்கக் கூடாது, மொழிபெயர்க்க வந்தவர் சொந்தக்காரரா இருந்தாலும் கேக்கக் கூடாது.

மூணாவது படி: தகவல் யார்கிட்ட போகும்ங்கற பயம்

இதைப் பத்திக் கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா புதுசா வர்றவங்க சறுக்கறது அதிகமா இங்கதான். 'இணைக்கறோம்'னு நாம சந்தோஷமா சொல்ற வார்த்தை விசா சரியில்லாத ஒருத்தர் காதுல 'என் விவரம் எல்லா ஆஃபீஸுக்கும் போகப் போகுது'ன்னுதான் விழும். அந்தப் பயம் கற்பனையும் இல்ல. இங்கிலாந்துல 2017ல இருந்து நோயாளிகளோட முகவரி மாதிரியான விவரங்களை உள்துறை குடியேற்ற வேலைக்குக் கேட்டு வாங்கற ஒப்பந்தம் ஒண்ணு நடைமுறையில இருந்துச்சு, டாக்டர்களும் நாடாளுமன்றக் குழுவும் கடுமையா எதிர்த்த பிறகு 2018லதான் அதைக் கைவிட்டாங்க. ஜெர்மனியில டாக்டர்கள் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவங்க, ஆனா ஆவணம் இல்லாத ஒருத்தர் அவசரமில்லாத சிகிச்சைக்குப் பணம் கேட்டு சமூகநல ஆஃபீஸுக்குப் போனா அந்த ஆஃபீஸ் குடியேற்றத் துறைக்குத் தெரிவிச்சே ஆகணும்னு சட்டம் இருக்கு, அதனாலதான் சில ஊர்கள்ல பேர் இல்லாத மருத்துவச் சீட்டு கொடுக்கற ஏற்பாட்டையே உருவாக்கினாங்க. அமெரிக்காவுல 'பப்ளிக் சார்ஜ்' விதியை (அரசு உதவியை நம்பி வாழ்வாங்கன்னு தோணினா நிரந்தரமா தங்க அனுமதி மறுக்கலாம்ங்கற விதி) 2019ல கடுமையாக்கினப்போ, அந்த விதி தொடவே தொடாத குடும்பங்கள்கூட, அங்கயே பிறந்த குடியுரிமை உள்ள குழந்தைகளுக்குச் சேர வேண்டிய மருத்துவக் காப்பீட்டையும் உணவு உதவியையும் வேண்டாம்னு விட்டாங்க. 2021ல அதை வாபஸ் வாங்கின பிறகும் பயம் உடனே போகல. ஒரு சட்டம் போனாலும் அதோட வதந்தி போகறதுக்கு வருஷக்கணக்கா ஆகும்.

அதனால நீங்க செய்ய வேண்டியது இது. உங்க நாட்டுல எந்த ஆஃபீஸ் எதை யாருக்குச் சொல்லியே ஆகணும்னு ஒரு வக்கீல்கிட்டயோ குடியேற்ற உதவி மையத்துலயோ உட்கார்ந்து எழுதி வாங்கிக்கங்க. அப்புறம் விசா நிலையை உங்க குறிப்பேட்டுல எழுதவே எழுதாதீங்க, அது தெரிஞ்சாதான் ஒரு உதவி கிடைக்கும்ங்கற இடத்துல மட்டும், அப்பவும் அவங்ககிட்ட கேட்டுட்டு. சம்மதம் வாங்கறப்போ ஒரே கையெழுத்துல எல்லாத்துக்கும் வாங்காதீங்க. 'உங்க சுகர் விஷயத்தை வீட்டுவசதி ஆஃபீஸ்ல இருக்கற இந்தம்மாகிட்ட மட்டும் சொல்லட்டுமா, ஃபிரிட்ஜ் வேணும்ங்கறதுக்காக'ன்னு எதை, யாருக்கு, எதுக்குன்னு மூணையும் சேர்த்துக் கேளுங்க. வேண்டாம்னா விட்டுடுங்க, முகம் சுளிக்காதீங்க, அடுத்த மாசம் அவங்களே வந்து சொல்லுவாங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு அரசாங்கத்தை விட நம்ம ஆளுங்க மேலதான் பயம் ஜாஸ்தி. சின்ன சமூகம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்க சங்கத்துல யாருக்கும், உங்க வீட்லயும், ஒரு வார்த்தை போகாதுன்னு முதல் நாளே சொல்லுங்க, சொன்னபடி நடந்துக்கங்க. ஒரே ஒரு தடவை வெளிய போச்சுன்னா உங்க வேலை அந்த ஊர்ல முடிஞ்சுது.

நாலாவது படி: பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீங்க

பத்து வயசுப் பையன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையில கட்டி இருக்குன்னு டாக்டர் சொல்றதைத் தமிழ்ல சொல்லிக்கிட்டு நிக்கறதை நான் பாத்திருக்கேன். அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. அவனுக்குக் கர்ப்பப்பைங்கற வார்த்தையே தெரியாது, 'வயித்துல ஏதோ'ன்னு சொன்னான்.

இது பாவம்ங்கறதோட நிக்கற விஷயம் இல்ல, ஆபத்தும்கூட. அமெரிக்காவுல 2003ல வந்த ஒரு ஆய்வு ஸ்பானிஷ் பேசற குடும்பங்களோட குழந்தை மருத்துவச் சந்திப்புகள் 13ஐப் பதிவு பண்ணிக் கேட்டுது. ஒரு சந்திப்புக்குச் சராசரியா 31 மொழிபெயர்ப்புத் தப்பு, அதுல 63 சதவீதம் சிகிச்சையைப் பாதிக்கக் கூடிய தப்பு. பயிற்சி இல்லாதவங்க மொழிபெயர்த்தப்போ அந்த மாதிரி ஆபத்தான தப்பு இன்னும் அதிகம். 1980ல ஃபுளோரிடாவுல நடந்ததை இந்தத் துறையில எல்லாரும் சொல்லுவாங்க. சுயநினைவில்லாத 18 வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்த குடும்பம் 'இன்டாக்ஸிகாடோ'ன்னு சொல்லுது, சாப்பிட்டது ஒத்துக்கலைங்கற அர்த்தத்துல. மருத்துவமனை அதை போதைன்னு எடுத்துக்கிட்டு அதுக்கே வைத்தியம் பாத்துது. மூளையில ரத்தக் கசிவுன்னு தெரியறதுக்குள்ள நேரம் போயிடுச்சு, கையும் காலும் நிரந்தரமா செயலிழந்துடுச்சு.

நம்ம மொழியிலயும் இதே மாதிரி கண்ணிவெடிகள் நிறைய. 'மயக்கமா வருது'ன்னா தலை சுத்தறதா, நினைவு தப்பறதா? 'வாயு பிடிச்சிருக்கு'ன்னு சொல்றவருக்கு மாரடைப்பா இருக்கலாம். 'மேலுக்கு முடியல'ன்னா காய்ச்சலா அசதியா? மன அழுத்தத்தை நம்மவங்க அந்தப் பேர்ல சொல்லவே மாட்டாங்க, உடம்பெல்லாம் வலி, தூக்கம் வரல, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னுதான் சொல்லுவாங்க, அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா டாக்டர் இதயத்தைத்தான் பரிசோதிப்பார். இலங்கைத் தமிழ், தமிழ்நாட்டுத் தமிழ் வித்தியாசமும் இருக்கு, மொழிபெயர்ப்பாளர் கேக்கறப்போ அதையும் சொல்லிக் கேளுங்க.

அப்பாயின்ட்மென்ட் போடறப்பவே மொழிபெயர்ப்பாளர் வேணும்னு பதிவு பண்ணச் சொல்லுங்க, முந்தின நாள் கூப்பிட்டு உறுதி பண்ணுங்க. நேர்ல இல்லைன்னா ஃபோன்ல. நீங்களே நல்லா ரெண்டு மொழியும் பேசுவீங்கன்னாலும் மருத்துவ விஷயத்துல நீங்க மொழிபெயர்க்காதீங்க, கூட இருங்க. கூட இருக்கறவருக்கு வேற வேலை இருக்கு, கையைப் பிடிச்சுக்கணும், கேக்க மறந்த கேள்வியை ஞாபகப்படுத்தணும், வெளிய வந்ததும் 'டாக்டர் என்ன சொன்னார்னு எனக்குச் சொல்லுங்க பாப்போம்'னு அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும்.

அஞ்சாவது படி: கையைப் பிடிச்சு ஒப்படைக்கறது

பரிந்துரைச் சீட்டு கொடுத்து 'அங்க போங்க'ன்னு சொல்றது பரிந்துரை இல்ல. அடுத்த ஆஃபீஸ்ல இருக்கற ஆளுக்கு அவங்க எதிர்லயே ஃபோன் பண்ணுங்க, ஸ்பீக்கர்ல போட்டு ரெண்டு பேரையும் பேச விடுங்க, தேதியை வாங்குங்க, முதல் தடவை கூடவே போங்க. ரெண்டாவது தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போதும். மூணாவது தடவை அவங்களே போயிடுவாங்க. கதையைத் திரும்பத் திரும்ப முதல்ல இருந்து சொல்ல வைக்காதீங்க, ஒரு பக்கத்துல எழுதி அவங்க கையிலயே கொடுங்க: என்ன மருந்து (கம்பெனிப் பேர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால மூலப் பேரு), என்ன ஒவ்வாமை, என்ன தடுப்பூசி, எந்த மொழி, எந்த நம்பர்ல எந்த நேரம் கூப்பிடலாம், ஆம்பளை டாக்டரா பொம்பளை டாக்டரா. அந்தப் பக்கம் அவங்களோட சொத்து, அவங்க விரும்பினவங்களுக்குக் காட்டட்டும்.

ஆறாவது படி: பதில் திரும்பி வரணும்

இப்போ அந்த அம்மா கதைக்கு வர்றேன். ஒரு வழியா சின்ன ஃபிரிட்ஜ் ஒண்ணு கிடைச்சு அவங்க அறையிலயே வெச்சாச்சு, புது இன்சுலினும் வாங்கி உள்ள வெச்சாச்சு, நான் வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். மூணாவது நாள் ராத்திரி அவங்களுக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்கி சுகர் ரொம்பக் கீழ இறங்கிடுச்சு. வீரியம் போன மருந்துக்காகக் கூட்டின டோஸை வீரியம் உள்ள மருந்துல போட்டிருக்காங்க. பக்கத்து அறைப் பொண்ணு சர்க்கரைத் தண்ணி கொடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால பொழச்சாங்க. ஃபிரிட்ஜ் வந்த அன்னைக்கே நான் டாக்டருக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா டோஸைக் குறைச்சிருப்பார். அந்த ஃபோனை நான் பண்ணல. அது என் தப்பு, இன்னும் மனசுல உறுத்துது.

அதுல இருந்து நான் வெச்சிருக்கற விதி: சமூகப் பக்கம் எது மாறினாலும் அன்னைக்கே மருத்துவப் பக்கத்துக்குச் சொல்லணும், அந்தப் பக்கம் எது மாறினாலும் இந்தப் பக்கத்துக்குச் சொல்லணும். நைட் ஷிஃப்டுக்கு மாறினாங்களா, மாத்திரை நேரம் மாறணும். டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்களா, வாரம் மூணு நாள் வேலைக்குப் போக முடியாது, வருமான உதவிக்கு இன்னைக்கே எழுதணும். வீடு மாறினாங்களா, ஆஸ்பத்திரி லெட்டர் பழைய வீட்டுக்குத்தான் போகும். குறிப்பேட்டுல ஒவ்வொரு பரிந்துரைக்கும் நேரா 'அனுப்பினேன்', 'போனாங்க', 'கிடைச்சுது', 'அந்தப் பக்கம் சொன்னேன்'னு நாலு கட்டம் போடுங்க. நாலாவது கட்டம் காலியா இருக்கற வரைக்கும் அந்த வரியை மூடாதீங்க.

ஏழாவது படி: ரெண்டு பக்கத்தையும் ஒரே மேஜைக்குக் கொண்டு வாங்க

இது முதல் மாசம் நடக்காது, ஆறாவது மாசம் முயற்சி பண்ணுங்க. மாசத்துக்கு ஒரு மணி நேரம், கிளினிக் நர்ஸ், வீட்டுவசதிக்காரர், ஸ்கூல்ல இருந்து ஒருத்தர், ஒரு வக்கீல். சம்மதம் கொடுத்த நாலஞ்சு குடும்பத்தைப் பத்தி மட்டும் பேசுங்க. வக்கீல் எதுக்குன்னு கேக்கலாம். பாஸ்டன்ல 1993ல பாரி சக்கர்மன்ங்கற குழந்தை மருத்துவர் ஆஸ்துமா குழந்தைகளுக்கு எவ்வளவு மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வர்றதைப் பாத்தார், காரணம் வீட்டுச் சுவர்ல பூஞ்சை, வீட்டுக்காரர் சரி பண்ண மாட்டேங்கறார். அவர் ஆஸ்பத்திரிக்கே ஒரு வக்கீலை வேலைக்கு எடுத்தார். வக்கீல் லெட்டர் போனதும் சுவர் சரியாச்சு. அந்த முறை அப்புறம் அந்த நாடு முழுக்கப் பரவுச்சு. கிழக்கு லண்டன்ல 1984ல ஆரம்பிச்ச பிரோம்லி பை போ மையம் இன்னும் ஒரு படி மேல, ஒரே வளாகத்துல டாக்டர், கடன் ஆலோசனை, மொழி வகுப்பு, தோட்டம், கைவினை எல்லாம். டாக்டர் சீட்டுல மாத்திரையோட மொழி வகுப்பையும் எழுதலாம். உங்களுக்கு வளாகம் கிடைக்காது, ஆனா கிளினிக் காத்திருப்பு அறையில வாரம் ஒரு நாள் ஒரு மேஜை கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க. அதைக் கேளுங்க.

அந்தப் பக்கம் எதுவுமே இல்லைன்னா?

இதையும் நேரா சொல்லிடறேன். அமெரிக்காவுல கேம்டன்ங்கற ஊர்ல அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர்ற 800 பேரை ரெண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நர்ஸ், சமூகப் பணியாளர்னு வெச்சு நல்லா ஒருங்கிணைச்சுப் பாத்தாங்க. 2020ல முடிவு வந்துச்சு, ஆறு மாசத்துக்குள்ள திரும்ப அட்மிட் ஆனவங்க ரெண்டு பிரிவுலயும் கிட்டத்தட்ட சமம், 62 சதவீதம். இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப மனசு சோர்ந்து போச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா, கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போற இடத்துல வீடே காலி இல்லைன்னா, மனநல டாக்டரே இல்லைன்னா, எவ்வளவு அழகா கூட்டிட்டுப் போனாலும் என்ன ஆகப் போகுது? அதனால கிடைக்காததையும் எழுதி வையுங்க. தமிழ் பேசற மனநல ஆலோசகர் கேட்டு இத்தனை பேர், எத்தனை வாரம் காத்திருந்தாங்க, எத்தனை பேர் விட்டுட்டுப் போனாங்க. பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வருஷக் கடைசியில அந்தத் தாளை நகராட்சி உறுப்பினர்கிட்டயும் சுகாதாரத் துறைகிட்டயும் கொண்டு போய் வையுங்க. எங்க ஊர்ல பெண் மொழிபெயர்ப்பாளர் வந்தது அப்படி ஒரு தாளாலதான்.

கடைசியா ஒரு வேலை, அதை முதல் வாரத்துலயே ஆரம்பிக்கணும். நீங்க ஒரு நாள் வேற ஊருக்குப் போவீங்க, வேற வேலை கிடைக்கும், உடம்பு முடியாமப் போகும். எல்லா உறவும் உங்க ஃபோன்ல மட்டும் இருந்தா நீங்க கிளம்பற அன்னைக்கே எல்லாம் அறுந்துடும். அதனால எந்தக் குடும்பத்துக்கும் ரெண்டாவதா ஒருத்தரை இப்பவே அறிமுகப்படுத்தி வையுங்க, கிளம்பறப்போ குறிப்பேட்டை மட்டும் கொடுத்துட்டுப் போகாம ஒவ்வொரு வீட்டுக்கும் அவரைக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சு, 'இனிமே இவங்கதான், என்கிட்ட சொன்ன மாதிரியே இவங்ககிட்டயும் சொல்லலாம்'னு சொல்லிட்டு வாங்க. அந்த அம்மா வீட்டுக்கு நான் அப்படித்தான் போனேன். புதுசா வந்த பொண்ணு வணக்கம் சொல்லிட்டு முதல்ல கேட்டது, 'அம்மா, ஃபிரிட்ஜ் ஒழுங்கா ஓடுதா, கொஞ்சம் திறந்து பாக்கலாமா?'